முடிக்காரர் இறங்கமாட்டார்

கல்லூற்றுப்பட்டி, ஆவூர் வழி
15 செப்டம்பர் 2025

டயானாவுக்கு மாமன் சூசைமாணிக்கம் சொல்லி எழுதுவது.

எந்த வருஷம் என்று கேட்பாய், உனக்கு எல்லாவற்றுக்கும் வருஷம் வேண்டும். புதுக்கோட்டையைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம். பொங்கலன்று பிரித்தார்கள். அந்தக் கோடையில் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, திருச்சிக்குப் போனவர்கள் எல்லாம் நடந்து திரும்பினார்கள். மழை ஏய்த்துவிட்டது. நம் ஊர் ஊற்றே வற்றி, குவாரிக் குழியில் கிடந்த தண்ணீரை வேட்டியில் வடிகட்டிக் குடித்தோம். உன் அப்பன் கட்சிக்கொடி கட்டிய சைக்கிளை விற்றதும் அப்போதுதான். அந்த வருஷத்து ஐப்பசியில், அப்போது பங்குச் சாமியாராக இருந்த பெலிக்ஸ் சாமி முடிக்காரர் படத்தைக் கோயில் பாட்டுமேடையில் மாட்டினார். ஆணி அடித்தவன் நான். அன்றிலிருந்து இறங்காத படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிட்டார்கள். இறக்கியது உன் புத்தகம்.

பிள்ளைகளுக்கு என்று நீ எழுதினாயே, ஜெர்மனி தேசத்தில் பாட்டுக் கட்டிய பாக் என்பவரின் கதை, நம் முடிக்காரர் கதை, அதன் முன்னுரையில் நம் ஊரை இழுத்திருக்கிறாய். அதை ராபின் பங்குப் பேரவையில் எழுந்து நின்று வாசித்தான். என் மகன்தான் பேரவைச் செயலாளர், உனக்குத் தெரியும். "எங்கள் ஊர்ப் பெண்கள் பாக்கைப் புனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள். இருபது பிள்ளை பெற்றவர் என்பதால் பிள்ளைவரம் கேட்டு அவர் படத்தின் கீழே தொட்டில் கயிறு கட்டினார்கள்." இதுதானே நீ எழுதியது? சபை சிரித்தது. புதிதாக வந்திருக்கும் சார்லஸ் பாதர் சிரிக்கவில்லை. "புனிதர் இல்லாதவருக்கு நேர்ச்சையா, அதுவும் லுத்தரன் சபைக்காரருக்கா" என்று கேட்டார். அன்று சாயங்காலமே படம் பங்கு அலுவலகத்துக்குள் போய்விட்டது. கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்த கயிறுகளையெல்லாம் ராபின் அரிவாளால் அறுத்து யூரியா சாக்கில் போட்டு வாசலில் வைத்தான், குப்பை வண்டிக்கு.

சாக்கை நான் எடுத்துவந்துவிட்டேன். இப்போது பூசை நடக்கிற போதெல்லாம் அந்தச் சாக்கோடு மேடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பாடுகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். "அப்பா, ஊரு சிரிக்குது, எந்திரிங்க" என்றான் ராபின். "சிரிக்கட்டும்டா, கொட்டாவி விடுறதுக்கு அது தேவலை" என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் முடிக்காரர் அவருடைய ஆணிக்குத் திரும்பி வர வேண்டும். நீ எழுதியது தப்பு என்று பாதருக்கு ஒரு கடிதம் போடு. போனில் கூப்பிடாதே. குவாரி வெடி தின்ற காது இது. எதிரில் முகம் தெரிந்தால் பேச்சு விளங்கும், போனில் கொசு கத்துவதுதான் கேட்கிறது.

இதை அடித்துக் கொடுப்பது ஆவூர் விலக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாசிலா. நான் உன்னை வைத ஒரு வார்த்தையை அடிக்கமாட்டேன் என்கிறது இந்தப் பெண். "பெரியவரே, எழுத்துல வந்தா அது அழியாது" என்கிறது. அழியக் கூடாது என்றுதான் சொன்னேன்.

சூசைமாணிக்கம்

*

பெரம்பூர், சென்னை
23 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பாசிலா விட்டுவிட்ட வார்த்தை எது என்றும் ஊகித்துக்கொண்டேன்.

படத்தை இறக்குவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக வருத்தமாக இருக்கிறது. ஆனால் மாமா, எழுதியது தப்பு என்று எப்படிக் கடிதம் போடுவேன்? அவர் புனிதர் இல்லை. லுத்தரன் சபைக்காரர்தான். பெண்கள் கயிறு கட்டினார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா ஒரு கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, எதுக்கும்மா இது என்று கேட்டேன். "பிள்ளை வேணுங்கிறவங்க கட்டுறதுடி" என்றார். அதைத்தான் எழுதினேன். கேலி செய்ய எழுதவில்லை. பாக் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, அவரை ஒரு கிராமமே தத்தெடுத்துக்கொண்டது எங்கே நடந்தது? பிள்ளைகள் படித்துச் சிரிப்பார்கள், நம் ஊரை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் ஊரில் சொல்லும் பாக் கதையிலும் தப்பு உண்டு, கோபப்படாதீர்கள். அவர் எஜமானை அறைந்ததால் ஜெயிலுக்குப் போனார் என்று சிறுவயதில் எனக்குச் சொன்னீர்கள். அறையவில்லை. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது, என்னை விட்டுவிடுங்கள் என்று விடாப்பிடியாகக் கேட்டார். பிரபு அதற்காகவே அவரை ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்துவைத்தார். வெளியே வந்ததும் நினைத்த ஊருக்கே போனார். நடந்தது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியப் பெட்டி வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று நான் வந்து நின்றபோது மேடையில் இருந்த ஆண்கள் யாரும் எனக்கு இடம் விடவில்லை. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். சென்னைக்கு வந்த பிறகுதான் நான் விரல் வைத்தேன். இன்று அந்த மேடைக்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்பதற்குக் கொஞ்சம் கசக்கிறது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டயானா

*

கல்லூற்றுப்பட்டி
1 அக்டோபர் 2025

டயானாவுக்கு,

பெட்டி விஷயம். மரியசெல்வம் அந்த ஆர்மோனியத்தை என்னையே தொடவிடமாட்டான், உன்னை விடுவானா? தூசி தட்டப் போன உபதேசியாரின் கையில் அடித்தவன் அவன். அந்தக் கணக்கை அவன் கல்லறையில் போய்த் தீர்த்துக்கொள்.

எஜமானை அறையவில்லை என்கிறாய். சரி. விட்டுத் தொலை என்று முகத்துக்கு நேரே கேட்பது அறைவதைவிடப் பெரிது. எனக்கு அதுவே போதும்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். பிள்ளை வேண்டும் என்று அந்தக் கம்பியில் ஒருத்தியும் கயிறு கட்டியதில்லை. உன் ஆத்தா உனக்குச் சொன்னது பொய். ஆறு வயதுப் பிள்ளையிடம் அப்படித்தான் சொல்ல முடியும். எல்லாப் பெண்களும் எல்லாப் பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னார்கள். பிள்ளைக்குச் சொன்ன பொய்யை நீ பெரியவளாகி அச்சடித்துவிட்டாய்.

அந்த வருஷம் மழை இல்லை என்றேன். சித்திரையில் மணல்வாரி அம்மை வந்தது. சோறில்லாத உடம்பு, கலங்கல் தண்ணீர். ஆடி முடிவதற்குள் எத்தனை வீட்டில் தூளி இறங்கியது என்று எனக்குத் தெரியும், இங்கே எண்ணிச் சொல்லமாட்டேன். நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. செத்த பிள்ளை கிடந்த தூளிக் கயிற்றில் அடுத்த பிள்ளையைப் போடக் கூடாது. சேலையைப் பிள்ளையோடு சுற்றிப் புதைத்துவிடலாம். கயிறு மிஞ்சிப்போகும். எரிக்கக் கை வராது. கிணற்றுக்கு எடுத்தால் ஆகாது, மாட்டுக்குக் கட்டினால் பாவம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கயிறு உத்திரத்தில் சும்மா தொங்கியது. பெண்கள் அதற்குக் கீழே படுத்து மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார்கள்.

பெலிக்ஸ் சாமி ஒவ்வொரு குழிக்கும் வந்தார். கடைசியில் அவருக்கே மந்திரம் வாயில் வரவில்லை, புத்தகத்தை மூடிவிட்டு நின்றார். ஐப்பசியில் ஒருநாள் பிள்ளை பறிகொடுத்தவர்களையெல்லாம் பாட்டுமேடைக்கு ஏறிவரச் சொன்னார். ரோமாபுரியில் படித்தபோது வாங்கிவந்த படம் கையில் இருந்தது. தோள்வரை சுருள்சுருளாக முடி, செம்மறிக்கிடாயைத் தலையில் கவிழ்த்த மாதிரி. "இது பொய்முடி, அந்தக் காலத்துப் பெரிய மனுசங்க வச்சுக்கிறது" என்றார் சாமி. பிறகு அந்த மனிதரின் கதையைச் சொன்னார்.

பத்து வயதுக்குள் ஆத்தாளும் அப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் வீட்டில் வளர்ந்தார். கலியாணம் செய்து பிள்ளை குட்டியாக இருந்தபோது, பிரபுவோடு வெளியூர் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். பெண்டாட்டியை அதற்குள் புதைத்திருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தாரம் கட்டினார். இரண்டு பேருக்குமாக இருபது பிள்ளைகள். அதில் பத்தைத் தன் கையால் மண்ணுக்குக் கொடுத்தார். "இவ்வளவு நடந்தும் இந்த ஆள் பாட்டுக் கட்டுறதை நிறுத்தல" என்றார் சாமி.

செல்லமுத்து நம் வேதம் இல்லை, குவாரியில் என்னோடு கல் உடைத்தவன். அவனும் ஏறி வந்திருந்தான். அவன்தான் கேட்டான்: "இவரு ஒங்க வேதக்காரரா சாமி?" சாமி சொன்னார்: "இல்லப்பா, வேற சபை. பிள்ளையைப் புதைக்கிறதுல என்னடா சபை?"

ஆகவே லுத்தரன் என்பது எங்களுக்கு அன்றைக்கே தெரியும். புனிதர் என்று யாரும் நினைக்கவில்லை. புனிதர்களிடம் போய்ப் பிள்ளை செத்ததைச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள், மோட்சத்தில் இருக்கிறான் என்பார்கள். இவர் ஒன்றும் சொல்லமாட்டார். இவருக்குத் தெரியும்.

பிறகு சாமி எங்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தார், அந்த மனிதர் கட்டும் முறையில். ஒருத்தர் ஆரம்பிப்பார். அவர் கொஞ்ச தூரம் போனதும் அதே தடத்தில் இன்னொருத்தர் கிளம்புவார். அப்புறம் மூன்றாவது, நான்காவது. எல்லாரும் ஒரே பாட்டுத்தான், ஆனால் யாரும் ஒரே இடத்தில் இல்லை. வார்த்தை கிடையாது. எதற்கு இப்படி என்று அப்போது விளங்கவில்லை. பாடும்போது விளங்கியது. நடுவில் ஒரு குரல் உடைந்து அழுதாலும் பாட்டு நிற்காது. இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். அழுது முடித்தவர் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். அன்றைக்கு எல்லாரும் உடைந்தார்கள், முறைவைத்து உடைந்தார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒருத்தி உத்திரத்துக் கயிற்றைக் கழற்றிக்கொண்டுவந்து படத்துக்குக் கீழே கம்பியில் கட்டினாள். யாரும் சொல்லிக் கட்டவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள்.

உன் ஆத்தா சவரியம்மாள், என் தங்கச்சி, அவளும் கட்டினாள். உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் பெலவேந்திரன். கட்சிக்காரனான உன் அப்பன் சேரன் என்றுதான் கூப்பிடுவான். நடக்க ஆரம்பித்திருந்தான்.

என் வீட்டுக் கயிறும் அதில் ஒன்று. எங்கள் மூத்தவள் ஆரோக்கியம். ராபின் பிறந்த அன்று உன் அத்தை என்னிடம் சத்தியம் வாங்கினாள், இவனுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று இவன் காதில் விழக் கூடாது என்று. அந்த நிழல் இவன்மேல் பட்டுவிடும் என்று பயம். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு சத்தியம் இருந்ததால் ஊரே வாயை மூடிக்கொண்டது. போன மாதம் அவன் அரிவாளால் அறுத்ததில் அவன் அக்காளின் கயிறும் இருந்தது. அவனுக்குத் தெரியாது.

இதை அடிக்கும்போது பாசிலா இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.

உன் புத்தகத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "இருபது குழந்தைகள், வீடு எப்போதும் கலகலப்பு" என்று போட்டிருக்கிறாய். பத்துப் பேர் எங்கே போனார்கள்?

மாமன்

*

பெரம்பூர்
8 அக்டோபர் 2025

மாமா,

மூன்று நாள் வகுப்பு எடுக்கப் போகவில்லை. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதை நாற்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன். அம்மா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் இப்போது நினைவில் வேறு மாதிரி இருக்கிறது. கயிற்றின் முடிச்சை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன், பசிக்கிறது என்று.

பத்துப் பேர் எங்கே என்று கேட்டீர்கள். எழுதியிருந்தேன். பதிப்பகத்தில் வேண்டாம் என்றார்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் படிப்பது, சாவு எதற்கு என்றார்கள். சரி என்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அம்மா எனக்குச் செய்ததையே நான் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். அம்மாவுக்காவது காரணம் இருந்தது.

சார்லஸ் பாதருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், முன்னுரையில் இருப்பது என் அறியாமை, அந்தக் கயிறுகள் இறந்த பிள்ளைகளுடையவை என்று. உங்கள் வீட்டு விஷயத்தை எழுதவில்லை. அது அத்தையுடையது.

ஆனால் மாமா, இன்னொன்று இருக்கிறது. மறைத்தால் பிறகு வேறு யாராவது சொல்லி உங்களைத் தலைகுனிய வைப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். இறக்கிய படத்தை ராபின் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். சிறுவயதுக்குப் பிறகு இப்போதுதான் அருகில் பார்க்கிறேன். அது பாக் இல்லை.

அது ஹேண்டல் என்று இன்னொருவர். இவரும் பாட்டுக் கட்டியவர், பாக் பிறந்த அதே வருஷத்தில், அதே தேசத்தில், அதிகத் தொலைவில்லாத ஊரில் பிறந்தவர். லண்டனுக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றார். இருவரும் ஒருவரை ஒருவர் கடைசிவரை சந்திக்கவில்லை. இருவருக்கும் முதுமையில் பார்வை கெட்டது. ஊர் ஊராகத் திரிந்த ஒரே கண் வைத்தியர்தான் இருவருக்கும் கத்தி வைத்தார், இருவருக்குமே பலிக்கவில்லை. பெலிக்ஸ் சாமி வாங்கிய கடையில் இருவர் படமும் இருந்திருக்கும். முடியைப் பார்த்து மாறிப்போயிருக்கும்.

இந்த ஹேண்டல் கலியாணமே செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளும் கிடையாது.

ராபினிடம் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்றால் நீங்கள் இருக்கும்வரை வாய் திறக்கமாட்டேன். என்ன செய்யட்டும்?

டயானா

*

கல்லூற்றுப்பட்டி
15 அக்டோபர் 2025

டயானாவுக்கு,

பாசிலா உன் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிட்டது. "பெரியவரே, இதை வாசிக்கட்டுமா வேணாமா" என்றது. வாசி என்றேன். வாசித்தது. அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷமாக ஒரு பிரம்மச்சாரியைப் பத்துப் பிள்ளை பறிகொடுத்தவன் என்று நிறுத்திவைத்திருக்கிறோம். அந்த மனுஷனும் மறுத்துப் பேசாமல் எங்கள் அழுகையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இப்போதுதான் அவன்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

பெலிக்ஸ் சாமிக்குத் தெரியாமல் இருந்திருக்கும். தெரிந்தும் இருந்திருக்கலாம். ஆள் கிடைக்காதபோது கிடைத்த ஆளை நிறுத்துவதுதானே.

மறைக்காதே. எனக்காக நீ ஒன்றையும் மறைக்க வேண்டாம். வருகிற இருபத்தாறாம் தேதி பூசை முடிந்து பேரவைக் கூட்டம், கோயிலுக்குள்ளேயே. படம் ஏறுமா ஏறாதா என்று அன்றைக்கு முடிவு. அங்கே நானே எழுந்து இது வேறு ஆள் என்று சொல்லப்போகிறேன். இன்னொருத்தன் சொல்லி நான் விழிப்பதற்குப் பதில் நானே சொல்லி அவர்கள் விழிக்கட்டும்.

சார்லஸ் பாதர் கெட்டவர் இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயா, டயானா அம்மா எழுதினதை நான் நம்புறேன். ஆனா சபை நம்பணுமே. கயிறு கட்டின ஒருத்தர் எந்திரிச்சு, நான் கட்டினேன், இதுக்குத்தான் கட்டினேன்னு சொல்லட்டும். நானே ஏணி பிடிக்கிறேன்" என்றார்.

நான் சொன்னால் போதாதா என்றேன். "நீங்க ஆணி அடிச்சவரு. கட்டினவங்க சொல்லணும்" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. என் வீட்டில் கயிறு கொண்டுபோய்க் கட்டியது நான் இல்லை.

உன் அத்தையிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சத்தியம் சத்தியந்தான்" என்றாள். ராபினுக்கு இப்போது நாற்பத்தெட்டு, இனிமேல் என்ன நிழல் படப்போகிறது என்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க படியில குந்திக்கிட்டு ஊரோட சண்டை போடலாம். நாஞ் சொன்னா அவன் மூஞ்சியை நான்தானே பாக்கணும்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் சண்டைக்காக அவள் வாயைத் திறக்க நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் நான் படியைவிட்டு எழுந்திருக்கவும் மாட்டேன். படம் ஏறாவிட்டால் என் பிணம்தான் அந்தப் படியைவிட்டு இறங்கும். இதைப் பாசிலா அடிக்கமாட்டேன் என்றது. அடி என்று நின்று அடிக்க வைத்தேன்.

நீ கூட்டத்துக்கு வராதே. நீ வந்தால் படித்தவள் வந்து பேசி முடித்துவிட்டாள் என்று ஆகிவிடும்.

மாமன்

*

பெரம்பூர்
21 அக்டோபர் 2025

மாமா,

வரவில்லை. ஆனால் இதைப் பாசிலாவை வாசிக்கச் சொல்லுங்கள், அத்தையும் பக்கத்தில் இருக்கும்போது. இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கம் இப்படி வரப்போகிறது. பதிப்பகத்தில் மறுபடி வேண்டாம் என்றார்கள். அப்படியானால் புத்தகமே வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பிரபுவைப் போல என்னை அடைத்துவைக்க அவர்களிடம் ஜெயில் இல்லையே.

"பாக்குக்கு இருபது குழந்தைகள் பிறந்தார்கள். பத்துப் பேர் வளர்ந்தார்கள். பத்துப் பேர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். உன்னைப் போலவே அவர்களுக்கும் பெயர் இருந்தது, பிடித்த சாப்பாடு இருந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி நடந்தது. பாக் அழுதாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருடைய இசையைக் கேட்டுப் பார். ஒரு குரல் போகும். அதன் பின்னாலேயே இன்னொரு குரல் வரும். முதல் குரல் நின்றுபோனாலும் பாட்டு நிற்காது. உன் வீட்டிலும் நீ பார்க்காத ஒரு அண்ணனோ அக்காவோ இருந்திருக்கலாம். கேட்டுப் பார். பெரியவர்கள் உடனே பதில் சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்."

ஹேண்டலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நம் ஊர் முன்னுரையை எடுத்துவிட்டேன். வேறு எழுதுவதா வேண்டாமா என்பது அத்தை சொல்வதைப் பொறுத்தது.

டயானா

*

கல்லூற்றுப்பட்டி
4 நவம்பர் 2025

டயானாவுக்கு,

முடிக்காரர் அவருடைய ஆணியிலேயே இருக்கிறார். சார்லஸ் பாதர் சொன்னபடி ஏணி பிடித்தார். கல்லறைத் திருநாளன்று மேடையில் ஆள் கொள்ளவில்லை, படிக்கட்டிலும் நின்றார்கள். நான் படியைவிட்டு எழுந்ததால் அவர்களுக்கு இடம் கிடைத்தது. எப்படி ஏறினார் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உன் பக்கத்தைப் பாசிலா எங்கள் வீட்டுக்கே வந்து வாசித்தது. உன் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் "பிடித்த சாப்பாடுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றது பாசிலா. "ஆரோக்கியத்துக்குப் பொரிகடலை" என்றாள். அவ்வளவுதான். மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததை நான் அப்போதுதான் கேட்டேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறம்.

கூட்டத்தில் முதலில் நான் எழுந்தேன். "படத்துல இருக்கிறது பாக் இல்ல. வேற ஆளு. கலியாணம் கட்டாதவரு, பிள்ளை இல்லாதவரு" என்றேன். சபை முழுக்கச் சலசலப்பு. கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தன், "அப்ப வசதியாப் போச்சு, ஒங்க வழக்கு முடிஞ்சுது" என்றான். ராபின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சார்லஸ் பாதர் மெதுவாகக் கேட்டார்: "அப்பன்னா ஐயா, பிள்ளையே இல்லாத ஒருத்தர்கிட்டயா இவ்வளவு காலம் அழுதீங்க?"

"பெலிக்ஸ் சாமிக்கும்தான் பிள்ளை இல்ல. அவருகிட்ட நாங்க அழலையா? ஒங்களுக்கும் இல்ல. நாளைக்கு ஒங்ககிட்டயும் அழுவோம். அழுறதுக்கு ஆள் வேணும் பாதர், அவரு யாருங்கிறது அப்புறம்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பாதரும் சிரித்துவிட்டார். பிறகு அவர் சொன்னார், "சரி, படம் யாருன்னு விட்டுருவோம். கயிறு எதுக்குன்னு சொல்லணும். கட்டினவங்கள்ல யாராச்சும் இருக்காங்களா?"

ராபின் எழுந்தான். "எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க பாதர். இவரு ஞாபகத்தை வச்சு நாம முடிவு எடுக்க முடியாது" என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

எனக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. அதனால் எனக்கு எதுவும் மறக்கவில்லை. சாக்கைப் படியில் கவிழ்த்தேன். கயிறுகள் கொட்டின. எல்லாம் செத்த பிள்ளைகளின் தூளிக் கயிறு என்றேன், ஒவ்வொன்றாக எடுத்து, கட்டியது யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தேன். பனைநார்க் கயிறு, சந்தியாகம்மாள். குளத்தங்கரைக் கல்லறை, வேம்புக்குக் கீழே. இரட்டை முடிச்சு, பாக்கியத்தம்மாள். இரட்டைப் பிள்ளைகள். கறம்பக்குடியில் மகள் வீட்டுக்குப் போனவள் அங்கேயே அடங்கிவிட்டாள். சணல், செல்லமுத்து. பெண்டாட்டி வெளியே வரமாட்டேன் என்றதால் அவனே கொண்டுவந்து கட்டினான். நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் எரித்தோம். தேங்காய் நார், மரியசெல்வம். பெட்டி வாசித்த கையாலேயே கட்டினான். கோயிலுக்குப் பின்னால் இருக்கிறான். நீலக்கரைத் துணி சுற்றிய கயிறு, என் தங்கச்சி சவரியம்மாள். பிள்ளை பேர் பெலவேந்திரன், வீட்டில் சேரன். திருச்சி ஆஸ்பத்திரியில் போனவள். புதைத்தது இங்கேதான்.

சொல்லச் சொல்லச் சபையில் ஒவ்வொரு பக்கமாகத் தலை குனிந்தது. ஒவ்வொருத்தனும் தன் வீட்டுப் பெயரைக் கேட்டான். இப்படி ஒரு பிள்ளை தங்களுக்கு முன்னால் பிறந்து செத்தது என்று அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் பாக்கியத்தம்மாள் பேரன். அவன் எழுந்து வெளியே போய், திரும்பி வந்து நின்றான்.

கையில் ஒரு கயிறு மிச்சம் இருந்தது. அதை எடுத்தேன், ஆனால் பெயரைச் சொல்லவில்லை. சத்தியம் செய்தவன் நான். "அது யாருது அப்பா?" என்று ராபின் கேட்டான். அவன் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெண்கள் பக்கம் பார்த்தேன். உன் அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். பெஞ்சைப் பிடித்துப் பிடித்து நடுவழிக்கு வந்தாள். ராபினைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, சொல்லுங்க என்று தலையசைத்தாள்.

சொன்னேன். கயிறு ஆரோக்கியத்துடையது, ராபினுக்கு மூத்தவள். கட்டியவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரே ஆள், என் பெண்டாட்டி அருளம்மாள்.